சோஃபி ஜெர்மேன்: எல்லாரும் கேக்குற கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

மகளிர் தினம் வந்தா போதும், போர்வைக்குள்ள ஒளிஞ்சுகிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்துல கணக்கு போட்ட பொண்ணுன்னு ஒரு கதை சுத்த ஆரம்பிச்சிடும். ஆனா அந்த பொண்ணு வளர்ந்து என்ன கணக்கு போட்டாங்க, அது சரியா தப்பா, இன்னைக்கு அதால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா பதில் வராது. அதனால வழக்கமா வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். பத்தாங்கிளாஸ் கணக்கு தெரிஞ்சா போதும், மீதி, அடுக்கு, காரணி அவ்ளோதான்.

யாருங்க இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

1776 ஏப்ரல் 1ஆம் தேதி பாரிஸ்ல பொறந்தவங்க, 1831 ஜூன் 27 அதே பாரிஸ்ல இறந்தாங்க, 55 வயசு. அப்பா அம்ப்ருவாஸ் ஜெர்மேன் பட்டு வியாபாரி, நல்ல வசதி, 1789ல புரட்சி வெடிச்சப்போ மக்கள் பிரதிநிதியா சபையில உக்காந்தவர். சோஃபி ரெண்டு பெரிய வேலை பண்ணாங்க. ஒண்ணு எண் கோட்பாடு, அதாவது முழு எண்களோட குணங்களை ஆராயுற கணிதம், அதுல ஃபெர்மாவோட கடைசி தேற்றம். இன்னொண்ணு அதிர்ற தகடுகளோட கணிதம். கல்யாணம் பண்ணிக்கல, வேலை கிடையாது, சம்பளம் கிடையாது, எந்த காலேஜ்லயும் ஒரு நாள் கூட ஸ்டூடன்ட்டா இருந்ததில்ல, ஆயுசுக்கும் குடும்ப காசுலதான் ஓடுச்சு.

கணக்கு பக்கம் எப்படி வந்தாங்க?

13 வயசு, பாரிஸ் தெருவெல்லாம் கலவரம், வெளிய விடமாட்டாங்க. அப்பாவோட லைப்ரரிதான் கதி. அங்க மோந்த்யுக்லா எழுதின கணித வரலாறு கையில கிடைக்குது, அதுல ஆர்க்கிமிடீஸ் செத்த கதை. சிராக்யூஸ் நகரத்துக்குள்ள ரோமானிய படை பூந்துடுச்சு, மனுஷன் அது கூட தெரியாம வடிவியல் படத்துல மூழ்கி கிடக்காரு, கேட்ட கேள்விக்கு பதில் சொல்லலன்னு ஒரு சிப்பாய் வெட்டி போட்டுட்டான். உயிர் போறது கூட தெரியாத அளவுக்கு ஒரு விஷயம் ஆளை இழுக்கும்னா அதுல என்னமோ இருக்குன்னு இந்த பொண்ணுக்கு தோணிடுச்சு. இந்த ஆர்க்கிமிடீஸ் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு ஜெனரலை அனுப்புற வரைக்கும் இது இழுத்துட்டு போகும்.

போர்வை, மெழுகுவத்தி கதை நெஜமா?

இத எழுதினது லிப்ரின்னு ஒரு இத்தாலிய கணிதக்காரர், சோஃபிக்கு கடைசி காலத்து நண்பர், அவங்க போனதுக்கு அப்புறம் எழுதின இரங்கல் கட்டுரையில வருது. வீட்ல ராத்திரி படிக்க கூடாதுன்னு அறையில நெருப்பு போடாம விட்டாங்க, துணிமணியை எடுத்துட்டு போனாங்க, விளக்கையும் எடுத்துட்டாங்க. இவங்க எல்லாரும் தூங்கினதும் போர்வையை சுத்திக்கிட்டு ஒளிச்சு வெச்ச மெழுகுவத்தியை ஏத்தி படிச்சாங்க, மசிக்கூட்டுல மசி உறைஞ்சு போற குளிர்ல. கடைசியில வீட்ல விட்டுட்டாங்க, அப்பாவே பின்னாடி காசு கொடுத்து ஆதரிச்சார். நியூட்டன், ஆய்லர் எல்லாம் லத்தீன்ல எழுதினதால லத்தீனையும் தானே கத்துக்கிட்டாங்க. எனக்கு அந்த மெழுகுவத்தியை விட இதுதான் பெருசா தெரியுது, கணக்கு படிக்கணும்னு ஒரு செத்த மொழியை உக்காந்து படிக்கிறது.

ஆம்பள பேர்ல எழுதினாங்களாமே?

ஆமா. 1794ல பாரிஸ்ல எக்கோல் பாலிடெக்னிக் ஆரம்பிச்சாங்க, அந்த காலத்துல உலகத்துலயே பெரிய கணிதக்காரங்க அங்க பாடம் எடுத்தாங்க, பொண்ணுங்களுக்கு அட்மிஷன் கிடையாது. ஆனா லெக்சர் நோட்ஸ் வெளிய கிடைக்கும், பசங்க டெர்ம் முடிவுல தங்களோட கருத்தை எழுதி வாத்தியார் கிட்ட கொடுக்கலாம்னு ஒரு வழக்கமும் இருந்துச்சு. அங்க படிச்ச லெ ப்ளான்னு ஒரு பையன் பேரை எடுத்துக்கிட்டு சோஃபி, அங்க வாத்தியாரா இருந்த கணிதக்காரர் லக்ராஞ்சுக்கு எழுதி அனுப்பினாங்க. லக்ராஞ்ச் அசந்து போயி யாருடா இவன்னு விசாரிச்சா பொண்ணு. அவர் கோவப்படல, நேரா வந்து பாத்து பாராட்டினார், அதுக்கப்புறம் பாரிஸ் கணித வட்டாரம் முழுக்க பேர் பரவிடுச்சு.

ஆனா இங்க ஒரு சிக்கல், பாராட்டினாங்களே தவிர யாரும் உக்கார வெச்சு முறையா சொல்லி கொடுக்கல. லக்ராஞ்ச், இன்னொரு பெரிய கணிதக்காரர் லெஜாந்தர் எல்லாம் லெட்டருக்கு பதில் போடுவாங்க, வீட்டுக்கு வருவாங்க, அவ்ளோதான். ஒரு பையனா இருந்திருந்தா வாரம் வாரம் ஒருத்தர் நோட்டை திருத்தி, இந்த ஸ்டெப் தப்பு மறுபடி போடுன்னு சொல்லியிருப்பார், அது இவங்களுக்கு கடைசி வரை கிடைக்கல. இவங்க வாழ்க்கையில கதவை சாத்தினவங்களை விட, கதவை தொறந்து சிரிச்சு பேசிட்டு பேப்பரை மட்டும் படிக்காம விட்டவங்களாலதான் நஷ்டம் அதிகம்னு நான் நெனைக்கிறேன்.

கவுஸுக்காக ஜெனரலை அனுப்பின கதை என்ன?

1801ல ஜெர்மன் கணித மேதை கவுஸ் எண் கோட்பாடு பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார், வயசு 24. அதை முழுசா புரிஞ்சுகிட்டவங்க ஐரோப்பாவுலயே கம்மி. சோஃபி அதை கரைச்சு குடிச்சுட்டு 1804 நவம்பர்ல அதே லெ ப்ளான் பேர்ல கவுஸுக்கு லெட்டர் போட்டாங்க. அவரும் மதிச்சு பதில் போட்டார், லெட்டர் போக்குவரத்து ஓடிட்டிருக்கு. 1806ல நெப்போலியன் படை பிரஷ்யாவை அடிச்சு நொறுக்குது, கவுஸ் இருந்த பிரவுன்ஷ்வைக் ஊரும் பிரெஞ்சு கையில. சோஃபிக்கு உடனே ஆர்க்கிமிடீஸ் ஞாபகம். குடும்ப நண்பர் பெர்னெட்டி அந்த படையில பீரங்கி பிரிவு ஜெனரல், அவருக்கு எழுதி கவுஸை பத்திரமா பாத்துக்கோங்கன்னு கேட்டாங்க. அவர் ஒரு அதிகாரியை பிரவுன்ஷ்வைக் அனுப்பினார். அந்த அதிகாரி போயி, பாரிஸ்ல இருந்து சோஃபி ஜெர்மேன் உங்களை விசாரிச்சாங்கன்னு சொன்னா, கவுஸ் முழிக்கிறார், அப்படி யாரையும் தெரியாதேங்கிறார்!

விஷயம் தெரிஞ்சதும் 1807 பிப்ரவரியில சோஃபி உண்மையை எழுதினாங்க. கவுஸ் ஏப்ரல் 30, தன்னோட பொறந்த நாள் அன்னைக்கு உக்காந்து பதில் எழுதினார். நம்ம வழக்கங்களாலயும் முன்முடிவுகளாலயும் ஒரு பொண்ணுக்கு இந்த படிப்புல ஆம்பளைங்களை விட கணக்கில்லாத தடங்கல், அத்தனையும் தாண்டி இந்த ஆழத்துக்கு வந்திருக்காங்கன்னா உயர்ந்த தைரியமும் அசாதாரண திறமையும் இருக்கணும்னு சொன்ன லெட்டர் அது. அந்த காலத்துக்கு பெரிய வார்த்தை.

அப்போ கவுஸ் நல்லவர்தானே?

நல்லவர்தான், ஆனா பிஸி. கோட்டிங்கன் போனார், வானியல்ல இறங்கினார், 1808க்கு அப்புறம் பதில் நின்னு போச்சு. 1819 மே மாசம் சோஃபி மறுபடியும் ஒரு நீள லெட்டர் போட்டு, ஃபெர்மா தேற்றத்தை முழுசா உடைக்க ஒரு திட்டம் வெச்சிருக்கேன்னு விவரமா சொன்னாங்க. அதுக்கு பதில் வந்ததா எந்த தடயமும் இல்ல.

அது என்ன திட்டம்? கணக்கு தெரியாதவங்களுக்கும் புரியுமா?

புரியும், மெதுவா வாங்க. ரெண்டு வர்க்க எண்ணை கூட்டினா இன்னொரு வர்க்கம் வரும், 9ம் 16ம் கூட்டினா 25. ஆனா மூணாம் அடுக்கு, நாலாம் அடுக்கு, அஞ்சாம் அடுக்குன்னு மேல போனா இப்படி முழு எண்கள் கிடைக்கவே கிடைக்காதுன்னு ஃபெர்மா 1630கள்ல ஒரு புத்தக ஓரத்துல கிறுக்கி வெச்சுட்டு போயிட்டார். நிரூபணம் இல்ல. நாலாம் அடுக்குக்கு ஃபெர்மாவே ஒரு வழி விட்டுட்டு போனார், மூணாம் அடுக்குக்கு ஆய்லர் போட்டார். அடுக்கு ஒவ்வொண்ணா போட்டுட்டு இருந்தா ஜென்மம் பத்தாது. மொத்தமா ஒரு கூட்டத்துக்கே போட முடியுமான்னு உருப்படியா யோசிச்ச முதல் ஆள் சோஃபி.

அஞ்சாம் அடுக்கை எடுத்துக்கோங்க. எந்த முழு எண்ணை வேணா எடுத்து அஞ்சாம் அடுக்கு போட்டு 11ஆல வகுத்து பாருங்க. 2ஓட அஞ்சாம் அடுக்கு 32, மீதி 10. 3க்கு 243, மீதி 1. 4க்கு 1024, மீதி 1. 6க்கு 7776, மீதி 10. எத போட்டாலும் மீதி 0, 1, 10 இந்த மூணுதான், வேற வரவே வராது. இப்போ ரெண்டு அஞ்சாம் அடுக்கை கூட்டி மூணாவது அஞ்சாம் அடுக்கு வருதுன்னு வெச்சுக்குவோம், மூணுல ஒண்ணு கூட 11ஆல வகுபடலன்னும் வெச்சுக்குவோம். அப்போ மீதி எல்லாம் 1 இல்லன்னா 10. 1ம் 1ம் 2, ஆகாது. 1ம் 10ம் 11, அதாவது மீதி 0, ஆகாது. 10ம் 10ம் 20, மீதி 9, அதுவும் ஆகாது. ஆக மூணுல ஒரு எண் 11ஆல வகுபட்டே ஆகணும்.

இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். 11 மாதிரியே வேலை செய்யுற பகா எண் இன்னொண்ணு கண்டுபிடிச்சா அதாலயும் வகுபடணும். அப்படி முடிவில்லாம பகா எண்கள் கிடைச்சா, அந்த மூணுல ஒரு எண்ணாவது முடிவில்லாத பகா எண்களால வகுபட்டாகணும், எந்த எண்ணாலயும் அது முடியாது, ஆக தீர்வே கிடையாது, ஃபெர்மா சொன்னது சரி. இதுதான் திட்டம். அழகா இருக்குல்ல? அப்படி தீர்வு இருந்தாலும் அது நெனைச்சு பாத்தாலே பயம் வர்ற அளவு பெரிய எண்ணாத்தான் இருக்கும்னு கவுஸுக்கு எழுதினாங்க.

திட்டம் ஜெயிச்சுதா?

இல்ல. மூணாம் அடுக்குக்கு இந்த வித்தை 7, 13 இந்த ரெண்டு பகா எண்ணுக்கு மட்டும்தான் வேலை செய்யும்னு அவங்களே பின்னாடி கண்டுபிடிச்சு லெஜாந்தருக்கு எழுதினாங்க. தன்னோட கனவு திட்டத்துல ஓட்டை எங்கன்னு தானே காமிக்கிறதுக்கும் ஒரு நெஞ்சு வேணும்.

ஆனா போற வழியில ஒரு முத்து கெடச்சுது, அதுதான் இன்னைக்கு ஜெர்மேன் தேற்றம். ஒரு ஒற்றைப்படை பகா எண்ணை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா வர்றதும் பகா எண்ணா இருந்தா (5க்கு 11 மாதிரி), அந்த அடுக்குக்கு தீர்வுன்னு ஒண்ணு இருக்கணும்னா மூணு எண்ல ஒண்ணு அந்த அடுக்கு எண்ணாலயே வகுபட்டாகணும். அதாவது எதுவும் வகுபடாத கேஸ், இதைத்தான் முதல் கேஸ்னு சொல்வாங்க, மொத்தமா காலி. ரெண்டால பெருக்கி சரிவரலன்னாலும் வேற துணை பகா எண் தேடலாம், 7க்கு 15 ஆகாது, 29 ஆகும். இப்படியே தேடி 100க்கு கீழ இருக்குற எல்லா ஒற்றைப்படை பகா எண்ணுக்கும் அந்த முதல் கேஸை முடிச்சு கட்டினாங்க. 1825ல டிரிக்லேயும் லெஜாந்தரும் அஞ்சாம் அடுக்கை முழுசா முடிச்சப்போ பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சுதான் இருந்துச்சு. கடைசி நிரூபணம் ஆண்ட்ரூ வைல்ஸ் 1994ல, அது முற்றிலும் வேற ரூட்.

லெஜாந்தர் இவங்க வேலையை திருடிட்டாரா?

இல்லீங்க, இது பாவம் அவர் மேல விழுற வீண்பழி. 1823ல அவர் படிச்ச கட்டுரையில இது ஜெர்மேன் அம்மையாரோடதுன்னு பேர் போட்டே சொன்னார். ஆனா அடிக்குறிப்புல. சோஃபி இந்த எண் கோட்பாட்டு வேலையை தன் பேர்ல வெளியிடவே இல்ல, அதனால ரொம்ப காலத்துக்கு உலகத்துக்கு தெரிஞ்சது அந்த அடிக்குறிப்பு அளவுதான். மத்ததெல்லாம் கையெழுத்து பேப்பரா கிடந்துச்சு. சமீப காலத்துல ஆராய்ச்சியாளர்கள் பாரிஸ் தேசிய நூலகத்துலயும் இத்தாலியில ஃபிளாரன்ஸ் நூலகத்துலயும் இருக்குற அந்த பேப்பர்களை வரி வரியா படிச்சப்போதான் அடிக்குறிப்புக்கு பின்னாடி இவ்ளோ பெரிய திட்டம் இருந்துச்சுன்னே தெரிஞ்சுது. ஃபிளாரன்ஸ்க்கு எப்படி போச்சுன்னா நம்ம லிப்ரிதான், அவர் வரலாற்றுலயே பேர் போன புத்தக திருடர், பிரெஞ்சு லைப்ரரிகள்ல ஆயிரக்கணக்குல சுட்டவர்.

மணல் வெச்சு ஏதோ பரிசு வாங்கினாங்களே?

கிளாட்னின்னு ஒரு ஜெர்மன்காரர். உலோக தகட்டு மேல மெல்லிசா மணல் தூவி, ஓரத்துல வயலின் வில்லால இழுப்பார். தகடு பாட ஆரம்பிக்கும், மணல் குதிச்சு ஓடி, தகடு அசையாம நிக்கிற கோடுகள்ல போய் சேரும், கோலம் மாதிரி நட்சத்திரம், வட்டம்னு உருவம் வரும், சுருதி மாறினா உருவம் மாறும். 1808 வாக்குல பாரிஸ் வந்து காமிச்சார், நெப்போலியனே பாத்து வியந்து போயி, இதுக்கு கணிதம் கண்டுபிடிக்கிறவங்களுக்கு பரிசுன்னு அறிவிக்க வெச்சார்.

பெரிய தலைங்க யாரும் கை வைக்கல, இருக்குற கணிதம் இதுக்கு பத்தாதுன்னு லக்ராஞ்ச் சொன்னதும் எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. 1811ல கெடு முடிஞ்சப்போ வந்தது ஒரே ஒரு கட்டுரை, பேர் போடாம, சோஃபியோடது. அடிப்படை யோசனை சரி, தகடு எவ்ளோ வளையுதோ அவ்ளோ எதிர்விசைங்கிறது, ஆனா அதுல இருந்து சமன்பாடு வரவழைச்ச விதம் தப்பு. லக்ராஞ்ச் அதே யோசனையை வெச்சு சரியான சமன்பாட்டை எடுத்து கொடுத்தார். கெடுவை நீட்டினாங்க. 1813ல ரெண்டாவது தடவை, கௌரவ குறிப்பு மட்டும். மூணாவது தடவை எழுதினதுக்கு 1816 ஜனவரி 8 அன்னைக்கு பரிசு கிடைச்சுது. பாரிஸ் அறிவியல் அகாதமியோட பரிசை வாங்கின முதல் பெண். விழாவுக்கு அவங்க போகவே இல்ல.

ஏன் போகல?

காரணத்தை அவங்க எழுதி வைக்கல, ஆனா ஊகிக்கலாம். நடுவர்கள் பரிசு கொடுத்தாங்க, ஆனா நிரூபணத்துல குறை இருக்குன்னு ஒரு வாலும் சேர்த்து கொடுத்தாங்க. அதுக்குள்ள பாய்சான்னு இன்னொரு கணிதக்காரர் அதே விஷயத்துல தனியா கட்டுரை போட்டுட்டார், அவர் அகாதமி உறுப்பினர், போட்டியில கலந்துக்க முடியாதவர். சோஃபியோட வேலை பத்தி அவங்களோட நேருக்கு நேர் விவாதம் பண்ண பாய்சான் தயாரா இல்ல, மரியாதையா ஒதுங்கிட்டார். சண்டை போட்டிருந்தா கூட தேவலை, எங்க தப்புன்னாவது தெரிஞ்சிருக்கும்.

தப்பு இருந்துச்சா இல்லையா, நேரா சொல்லுங்க.

இருந்துச்சு. தகட்டு ஓரத்துல என்ன நடக்கும்ங்கிற நிபந்தனைகள் அவங்களுக்கு சரியா வரல, அதை 1850ல கிர்ச்சாஃப் வந்துதான் நேர் பண்ணார். பாய்சானுக்கும் முழுசா வரல, அதையும் சேர்த்தே சொல்லணும். சோஃபி 1821ல தன் சொந்த காசுல இந்த ஆய்வை அச்சு போட்டாங்க. 1820கள் நடுவுல தடிமன் மாறுற தகடு பத்தி ஒரு கட்டுரை அகாதமிக்கு கொடுத்தாங்க, கமிட்டியில இருந்தவங்க கண்டுக்கவே இல்ல, ப்ரோனிங்கிறவரோட பேப்பர் கட்டுக்குள்ள கிடந்து 1880லதான் வெளிய வந்து அச்சாச்சு. ஒரு பரப்போட சராசரி வளைவுன்னு இன்னைக்கு வடிவியல்ல சொல்றாங்களே, அதை தகட்டுக்கு பயன்படுத்தினது இவங்க வேலைதான்.

அகாதமி கூட்டத்துக்கு விட்டாங்களா?

1820கள்ல விட்டாங்க, கணிதக்காரர் ஃபூரியே அகாதமி செயலாளரா இருந்ததால. அதுக்கு முன்னாடி உறுப்பினர் பொண்டாட்டியா இருந்தாதான் பொம்பளைங்க உள்ள வரலாம். உறுப்பினரா சேர்க்கல.

கௌரவ டாக்டர் பட்டம் கிடைச்சுதா?

கிடைக்கல. கவுஸ் வாங்கி கொடுத்தார், வர்றதுக்குள்ள இறந்துட்டாங்கன்னு சொல்ற வெர்ஷன் நம்புற மாதிரி இல்ல. 1837ல கோட்டிங்கன் பல்கலைக்கழக நூற்றாண்டு விழா சமயத்துல, அந்த அம்மாவுக்கு பட்டம் கொடுத்திருக்கலாம்னு கவுஸ் சொன்னதா ஒரு பதிவு இருக்கு. அப்போ அவங்க போயி ஆறு வருஷம்.

கடைசி காலம் எப்படி?

1829ல மார்பக புற்றுநோய். வலியோட வேலை பாத்தாங்க, 1830 ஜூலை புரட்சியில பாரிஸ் மறுபடி துப்பாக்கி சத்தமா கிடந்தப்பவும் எழுதிட்டிருந்தாங்க. 1831 ஏப்ரல்ல லிப்ரிக்கு எழுதின லெட்டர்ல, கால்வான்னு ஒரு பையன் இருக்கான், திறமைசாலி, காசில்ல, அவனுக்கு பைத்தியம் பிடிச்சிடும்னு பேசிக்கிறாங்க, அது நெஜமாயிடுமோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அந்த பையன்தான் அடுத்த வருஷம் 20 வயசுல துப்பாக்கி சண்டையில செத்த கணித மேதை எவரிஸ்த் கால்வா. ஃபூரியே செத்ததுல இருந்து அந்த பையனுக்கு கஷ்ட காலம்னு சாகக் கிடக்குறவங்க கவனிச்சு எழுதினது என்னை அசைச்சு பாத்த விஷயம். இவங்க இறப்பு சான்றிதழ்ல தொழில்ங்கிற இடத்துல சொத்து வருமானத்துல வாழ்றவர்னு போட்டாங்க, கணிதக்காரர்னு போடல. சமாதி பாரிஸ் பெர் லாஷேஸ் கல்லறையில.

ஈஃபில் டவர்ல இவங்க பேர் இல்லையாமே?

1889ல டவர் கட்டினப்போ 72 பேர் பேரை பொறிச்சாங்க, எல்லாரும் ஆம்பளைங்க. லக்ராஞ்ச், லெஜாந்தர், ஃபூரியே, பாய்சான் எல்லாரும் இருக்காங்க. தகடு வளையுறதுக்கு கணக்கு போட்டவங்க பேர் அந்த இரும்பு கோபுரத்துல இடம்பெறல. பாரிஸ்ல ஒரு ஸ்கூலுக்கும் ஒரு தெருவுக்கும் இவங்க பேர் இருக்கு, 2003ல இருந்து அகாதமியே இவங்க பேர்ல ஒரு பரிசு கொடுக்குது.

ஜெர்மேன் பிரைம்னா என்ன, எதுக்கு உதவுது?

மேல சொன்னதுதான், ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டினாலும் பகா எண்ணாவே இருக்குறது. 2, 3, 5, 11, 23, 29, 41, 53, 83, 89, நூறுக்குள்ள இவ்ளோதான். இப்படி முடிவில்லாம இருக்கான்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. 2016ல கண்டுபிடிச்ச ஒண்ணு 3,88,342 இலக்கம்.

இன்டர்நெட்ல ரெண்டு கம்ப்யூட்டர் ரகசிய சாவி மாத்திக்கிறப்போ பெரிய பகா எண் ஒண்ணை வெச்சு கணக்கு போடுவாங்க. அந்த எண்ல இருந்து ஒண்ணை கழிச்சா சின்ன சின்ன காரணியா உடையுற மாதிரி இருந்தா திருடனுக்கு வேலை ஈஸி, துண்டு துண்டா உடைச்சிடுவான். ஜெர்மேன் பிரைம்ல இருந்து செஞ்ச எண்ணா இருந்தா ஒண்ணு கழிச்சா வர்றது 2ம் ஒரு பெரிய பகா எண்ணும் மட்டும்தான், உடைக்க பிடி கிடைக்காது. 2002ல ஐஐடி கான்பூர்ல அகர்வால், கயல், சக்சேனா மூணு பேரும் பகா எண்ணான்னு சோதிக்க ஒரு முறை கண்டுபிடிச்சாங்கல்ல, ஜெர்மேன் பிரைம்கள் எதிர்பாக்குற அளவு நெருக்கமா இருக்குன்னு நிரூபணமானா அதோட வேகக்கணக்கும் இன்னும் நல்லா வரும்.

ஒலிம்பியாட் கோச்சிங்ல ஜெர்மேன் ஐடென்டிட்டின்னு சொல்றாங்களே?

அதுவும் இவங்க பேர்லதான். ஒரு எண்ணோட நாலாம் அடுக்கு கூட இன்னொரு எண்ணோட நாலாம் அடுக்கை நாலு மடங்காக்கி கூட்டினா, அது ரெண்டு காரணியா உடையும். பரீட்சையில பெரும்பாலும் ரெண்டாவது எண்ணை 1ன்னு வெச்சு கேப்பாங்க, நாலாம் அடுக்கு கூட 4 கூட்டு, இது பகா எண்ணா இல்லையான்னு. வழி என்னன்னா, எண்ணோட வர்க்கத்தோட 2 கூட்டுங்க, அதுல இருந்து எண்ணோட இரு மடங்கை ஒரு தடவை கூட்டுங்க, ஒரு தடவை கழிங்க, வர்ற ரெண்டும்தான் காரணி. 5 எடுத்தா 625ம் 4ம் 629. 25ம் 2ம் 27, அதுல 10 கூட்டினா 37, கழிச்சா 17, பெருக்கினா 629. 1க்கு மேல எந்த எண் எடுத்தாலும் இது உடைஞ்சிடும். 1க்கு மட்டும் ஒரு காரணி வெறும் 1 ஆயிடுறதால 5 அப்படியே பகா எண்ணா நிக்கும், எக்ஸாம்ல மார்க் போறது பெரும்பாலும் இந்த ஒரு கேஸை எழுதாம விடுறதுலதான்.